பூதம் பிடிக்கப் போற பேராண்டிக்கு

வா யய்யா, வா. இப்பிடித் திண்ணையில ஒக்காரு. மூணு நாளா அந்தச் சாம்பல் நெறத்து டப்பாவ மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டே திரியுதியே, கண்ணு பூத்துப் போகாதா? ஒங்க ஆச்சி போட்டு வச்ச சோத்துல ஈ ஒக்காந்து பந்தி நடத்துது. அவ வையுததும் ஒனக்குக் கேக்கல. பரவால்ல, எனக்கு அம்பது வருசமாக் கேக்கல.

பரண்ல கெடந்த டப்பாதான அது? 1999-ல ஒங்க சின்னத் தாத்தன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. ரெண்டு கொண்டாந்தான். ஒங்கப்பனுக்குச் செவப்பு அட்டை போட்டது ஒண்ணு, ஒங்க அத்தைக்கு நீல அட்டை போட்டது ஒண்ணு, ரெண்டையும் பிணைக்கதுக்கு ஒரு ஒயரு. ஒண்ணு மட்டும் வாங்கியாந்தா வீட்டுல கொலை விழும்னு அவனுக்குத் தெரியும். ஒன் கையில ஆப்ட்டது செவப்பு. நீலம் எங்க போச்சோ, ஒயரு எங்க போச்சோ, எலி இழுத்துட்டுப் போயிருக்கும். அத விடு. ஏ ஏ, வெத்தலப்பெட்டிய நகத்தாதே. அது அங்கனயே இருக்கட்டும்.

மொத மூணு பூதத்துல எதை எடுத்தே? வால்ல நெருப்பு எரியுமே அதையா? நெனச்சேன். பயலுவ அம்புட்டுப் பேரும் அதைத்தான் எடுப்பான், பாக்க எடுப்பா இருக்குல்லா. மொத ஊர்ல மோதப் போறவன் கல்லுப் பூதத்துக்காரன், அடுத்த ஊர்க்காரி தண்ணிப் பூதத்துக்காரி. கல்லு மேல நெருப்ப வச்சா என்ன வேகும்? தண்ணியில வச்சா என்ன எரியும்? முதுகுல செடியச் சொமந்துக்கிட்டு ஒண்ணு உக்காந்திருந்துச்சே, பல்பஸார். சம்சாரி வீட்டுப் பிள்ளை அதைல்லா எடுக்கணும். ரெண்டு பேரையும் அது ஒத்தையா நின்னு பாத்துக்கிடும். மூணு தலைமொறையா வெள்ளாமை பண்ணுன குடும்பம், கடைசியில தீயில போயி விழுந்திருக்கு.

எனக்கு எப்பிடித் தெரியுமா? ஒங்கப்பன் வெளையாடும்போது பின்னால நின்னு பாத்திருப்பேன். பேசாமக் கேளு.

இந்தப் போக்கிமான் வெளையாட்டச் செஞ்ச மகராசன் பேரு சதோஷி தஜிரி. 1965-ல பொறந்தவரு. தோக்கியோவுக்குப் பக்கத்துல மச்சிதான்னு ஊரு. அப்ப அங்க வயலும் ஓடையும் தோப்பும் இருந்திருக்கு. பள்ளிக்கூடத்துப் பயலுவ அவருக்கு வச்ச பேரே பூச்சி டாக்டரு. மத்த பிள்ளைங்க மரத்துல தேனத் தடவி வண்டு வரும்னு ராத்திரி காத்துக் கெடக்குங்களாம். இவரு மரத்தடியில ஒரு கல்லப் போட்டுட்டுப் போயி தூங்கிருவாரு. பகல்ல வண்டு கல்லுக்கு அடியில வந்து ஒறங்கும், காலையில கல்லப் பொரட்டி அள்ளிக்கிட வேண்டியது. நாங்க பொன்வண்டத் தீப்பெட்டியில போட்டு வேல எலைய வச்சு மூடி, முட்டை போட்டுச்சான்னு பாடம் நடக்கும்போது தொறந்து பாத்து வாத்தியார்கிட்ட அடி வாங்குனோம். அவரு அந்தத் தீப்பெட்டியவே வெலைக்கு வித்து கோடீஸ்வரன் ஆயிட்டாரு. ஒரு பொன்வண்டுக்கு ரெண்டு சிலேட்டுக் குச்சின்னு யாவாரம் பண்ணத் தெரிஞ்சவன்தான், அதுக்கு மேல யோசிக்கத் தெரியல.

பொறவு மச்சிதாவுல வயலு போச்சு, ரோடு வந்துச்சு. அவரு மீன் பிடிச்ச குளத்தத் தூத்து அது மேல காசு போட்டு வெளையாடுத மிசின் கடை கெட்டுனாங்களாம். வேற பயலா இருந்தா மண்ணு வாரித் தூத்திருப்பான். இவரு அந்தக் கடைக்குள்ளயே போயி குடியிருந்தாரு. 1983-ல கையால எழுதி, பின்னு அடிச்சு, கேம் ஃப்ரீக்னு பத்திரிகை போட்டாரு. படம் வரைய கென் சுகிமோரின்னு ஒரு கூட்டாளி வந்து சேந்தாரு. 1989-ல பத்திரிகை கம்பெனி ஆச்சு. அந்த வருசந்தான் ஒன் கையில இருக்க கேம்பாய் டப்பாவும் சப்பான்ல வந்துச்சு. ரெண்டு டப்பாவுக்கு நடுவுல ஒயரப் பாத்ததும் அந்த மனுசனுக்கு என்ன தோணியிருக்குங்கே? ஒயருக்குள்ள பூச்சி ஊந்து அங்கிட்டுப் போற மாதிரி. ஒயரப் பாத்தா நமக்குக் கரண்டு பில்லுதான் ஞாபகம் வரும்.

அந்த ஒரு பூச்சி மறுகோடிக்குப் போய்ச் சேர ஆறு வருசம் ஆச்சு. கம்பெனியில காசில்ல, சில பேரு விட்டுட்டே போயிட்டாங்க. இவரு சம்பளம் எடுக்காம அப்பன் காசுல சாப்பிட்டுக்கிட்டு வேலை பாத்திருக்காரு. இத மட்டும் ஒங்கப்பன் காதுல போட்டுறாதே. நானும் அப்பிடித்தாம்ப்பான்னு நீ நாளைக்கே ஆரம்பிச்சிருவே. 1996 பிப்ரவரி 27-ல செவப்பும் பச்சையுமா ரெண்டு அட்டை சப்பான்ல வந்துச்சு. சீமைக்கு 1998-ல போகும்போது செவப்பும் நீலமும். கேம்பாய் அப்பவே கெழட்டு மாடு, அடிமாட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தப்ப இது வந்து ஏர் பூட்டி ஓட்டிருச்சு. ஒலகம் முழுக்க மூணு கோடி அட்டைக்கு மேல வித்துருக்கு.

இப்ப எதுக்குய்யா ரெண்டு கலரு? அங்கதான் சூட்சுமம். செவப்புல சில பூதம் கெடையாது, நீலத்துல சில பூதம் கெடையாது. ஒன் அட்டையில ஸைதர்னு அருவாக் கையோட ஒரு பூச்சி திரியுதா? நீலத்துல அது இல்ல. அதுக்குப் பதிலா பின்சிர்னு கொம்பு வண்டு. ஒருத்தன் கடையில இட்லி, எதுத்த கடையில சட்னி, மொதலாளி ஒருத்தன்தான். வெவரமான யாவாரம். வையலாம்னுதான் நானும் வாயத் தொறந்தேன். ஆனா யோசிச்சுப் பாத்தா, பள்ளிக்கூடத்துல பேசாத பய கூட நீலம் எவன் வச்சிருக்கான்னு தேடிப் போயி அவன் வீட்டு வாசல்ல நிக்கணும், அவங்க அம்மா குடுக்க முறுக்கத் திங்கணும், அப்பத்தான் கொம்பு வண்டு கெடைக்கும். தனியா ஒக்காந்து வெளையாடுத சாமான எடுத்து, தனியா முடிக்க முடியாதபடி செஞ்சு வச்சிருக்கான் பாரு. அந்த மூளைக்கு ரெண்டு அட்டை காசும் தகும். இன்னைக்கு எந்த வெளையாட்டுல எதுத்த வீட்டுப் பய மூஞ்சி தெரியுது?

இன்னொண்ணும் நல்லா இருக்கு. பூதம் அடி வாங்கிச் சாகாது, மயங்கி விழும். இங்க சேவக்கட்டுல கத்தி கெட்டி விட்டா ஒண்ணு கொழம்புச் சட்டிக்குத்தான் போவும். தஜிரி சாவு வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா அங்க இருக்க நர்சுப் பிள்ள சிரிச்ச மொகமா வாங்கி, ஒத்தப் பைசா கேக்காம, டிங் டிங்னு சத்தம் போட்டு எழுப்பிக் குடுத்திரும். டோக்கன் இல்ல, வரிசை இல்ல, அந்த டெஸ்டு எடு இந்த டெஸ்டு எடு இல்ல. பூதங்கூட நம்பிருவேன், இத நம்ப மாட்டேன்.

ஆனா மனுசங்களப் பாரு. அதுல ஒரு தாத்தன் வாராரே, புரொபசரு ஓக். படிச்சவரு, வெள்ளைக் கோட்டு போட்டவரு. பக்கத்துல நிக்கது சொந்தப் பேரன். இவன் பேரு என்னமோவே, மறந்துட்டேன், என்ன பேருன்னு வந்தவன்கிட்ட கேக்காரு! நீ வாய்க்கு வந்தத எழுதுனா, ஆமா ஆமா அதாம்னு தலைய ஆட்டுதாரு. நான் கூட ஆச்சி பேர மறந்திருக்கேன், ஆனா வேணும்னு.

சைக்கிள் கடைக்குப் போனியா? வெலை எம்புட்டு? பத்து லட்சம். ஒன் பையில அதிகபட்சம் எம்புட்டு வச்சிக்கிடலாம் தெரியுமா? ஒம்பது லட்சத்து தொண்ணூத்து ஒம்பதாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்து ஒம்பது. ஒரு ரூவா கொறையும். காலம் பூரா சம்பாதிச்சாலும் ஒரு ரூவா கொறையும்! இத எழுதுனவன் யாரோ நம்ம சம்சாரி வயித்தெரிச்சல அறிஞ்சவன். சைக்கிளு வேணும்னா வெர்மிலியன் பட்டணத்துல ஒரு சங்கத் தலைவரு இருப்பாரு. அவரு வளக்குத பூதத்தோட பெருமைய மூச்சு விடாமப் பேசுவாரு. முடியுத வரைக்கும் தலைய ஆட்டிக்கிட்டே நிக்கணும், கடைசியில சைக்கிளுக்குச் சீட்டு எழுதிக் குடுப்பாரு. கப்பல் கேப்டனுக்கு முதுகத் தடவி விட்டா ஒரு வித்தை கெடைக்கும். சஃப்ரன் பட்டணத்து காவக்காரனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்தா வழி விடுவான். பூதம் பிடிக்கக் கத்துக் குடுக்குதோ இல்லியோ, ஆபீசுல காரியம் ஆவுததுக்குக் கத்துக் குடுத்துருது.

குகைப் பக்கத்துல ஒருத்தன் ஐநூறுக்கு மீன் விப்பான், மேஜிகார்ப்னு. வாங்கிட்டியா? ஏமாந்த சோணகிரி, வாங்கிட்டே. அது துள்ளும். அம்புட்டுதான். சண்டைக்கு விட்டா துள்ளும், கொல்ல வந்தா துள்ளும். ஒங்க பெரிய மாமன் மாதிரி. ஆனா விட்டுறாதே. ஒவ்வொரு சண்டைக்கும் மொதல்ல அத நிறுத்திட்டு ஒடனே வேற ஆள மாத்து. நிக்காமலே அதுக்கும் பாதிப் பேரு கெடைக்கும். இருபதாம் படி ஏறுனதும் பாரு, கியாரடோஸ்னு பனை ஒசரத்துக்கு எந்திரிக்கும். ஒங்க பெரிய மாமனும் எந்திரிப்பான்னு ஆச்சி இருபத்தஞ்சு வருசமாச் சொல்லுதா. அவனுக்கு எத்தனாம் படியோ.

இனி கொறையச் சொல்லுதேன், மூஞ்சியத் தூக்காதே. ஆறு வருசம் இழுத்துக் கெட்டுன வீடு இது. மேல மச்சு பளபளன்னு இருக்கும், கீழ தோண்டுனா கொத்தனாரு துணிமூட்டை கெடக்கும். மனோசக்திப் பூதம்னு ஒரு வகை இருக்கே, அலக்கஸாம் மாதிரி, கரண்டி வளைக்கவன். அவன எவனாலயும் அசைக்க முடியாது. பேயிக்கும் பூச்சிக்கும் மட்டுந்தான் இவனுக பயப்படுவானுகன்னு வெளையாட்டுக்குள்ளயே ஒருத்தன் சொல்லுதான். சரின்னு நம்பி நீ பேய விட்டா, பேய் அடி அவன் மேல படவே படாது. கணக்கு எழுதுனவன் ஒரு கட்டத்துல தப்பா எழுதிட்டான். சரி, பூச்சிய விடுவோம்னா அதுக்கு இருக்க அடியெல்லாம் கொசுக்கடி. பூச்சி டாக்டருன்னு பேரெடுத்த மனுசன் செஞ்ச வெளையாட்டுல பூச்சிக்குத்தான்யா கஞ்சித் தண்ணி கூட ஊத்தல! ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவன் வீட்டுக்கூரை ஒழுகுன கதைதான். அடுத்து 1999-ல வந்த தங்கம், வெள்ளி அட்டையிலதான் இருட்டுப் பூதம், எஃகுப் பூதம்னு ரெண்டு சாதியப் புதுசா எறக்கி, பேயோட கணக்கையும் திருத்தி, அந்தக் கரண்டிக்காரனுகள ஒக்கார வச்சாங்க.

உக்கிரமா அடிக்கதுக்கு ஒரு மந்திரம் இருக்கு, ஃபோகஸ் எனர்ஜின்னு. அதப் போட்டா பலமான அடி விழுத வாய்ப்பு நாலு மடங்கு கூடணும், ஆனா நாலுல ஒரு பங்காக் கொறையும். நூத்துக்கு நூறு தப்பாதுன்னு எழுதியிருக்க அடி கூட எரநூத்தி அம்பத்தாறுல ஒண்ணு காத்துல போவும். கடைசிக் கோட்டையில லான்ஸ்னு ஒரு பெரிய தலை, டிராகனைட்னு பறக்குத ராச்சசன வச்சிருப்பான். அவன் முன்னால ஒரு வெசப் பூதத்த நிறுத்திப் பாரு. வெசத்துக்கு மனோசக்தி ஆகாதுன்னு அந்த டப்பாவுக்குத் தெரியும். அதனால மனோசக்தி சாதி வித்தையாப் பாத்து எடுப்பான். அவன்கிட்ட இருக்க அந்தச் சாதி வித்தை என்ன? ஒண்ணு வேகமா ஓடுதது, இன்னொண்ணு கேடயம் போடுதது. நீ அடி அடின்னு அடிக்கே, அவன் ஓடுதான், கேடயம் போடுதான், மறுபடி ஓடுதான். சாதியப் பாத்து ஆளெடுத்தா அப்பிடித்தான்.

பெட்டிக் கணக்கு ஒண்ணு இருக்கு. பூதத்தப் போடுத ஒரு பெட்டியில இருபதுதான் அடங்கும். நெறைஞ்சா நீயே ஆசுபத்திரிக்குப் போயி பெட்டிய மாத்தணும். மாத்த மறந்து நடுக்காட்டுல ஒரு அபூர்வப் பூதம் எதுக்க வந்தா, பிடிக்குத பந்து கையில இருந்தும் எறிய முடியாது. பையிலயும் இருபது வகைச் சாமாந்தான். மரம் வெட்ட, கல்லு உருட்ட, வெளக்கு பிடிக்கக் கத்துக் குடுத்தியே, அந்த வித்தைய ஒருக்காக் கத்துக்கிட்டா அந்தப் பூதம் செத்தாலும் மறக்காது. அதுக்குன்னே ஒண்ணப் பண்ணையாளா வச்சிக்கிடணும். குகைக்குள்ள அடிக்கொரு வவ்வாலு, ஜூபாட்டு. சொல்லவே வேண்டாம்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்த ஓட்டையிலதான்யா ரசமே இருக்கு. விரிடியன் ஊர்ல வழிய மறிச்சு ஒரு கெழவன் கெடப்பான் பாத்தியா? காப்பி குடிக்காமக் கெடக்காருன்னு பேத்தி பக்கத்துல நின்னு சொல்லுவா. அது வெளிநாட்டுக்குப் போகும்போது பூசுன பூச்சு. சப்பான்காரன் அட்டையில அவன் குடிச்சுட்டுல்லா கெடந்தான்! அந்த வெளையாட்டுலயே எனக்குப் பிடிச்ச ஒரே ஆளு அவன்தான். எந்திரிச்சதும் ஒனக்குப் பூதம் பிடிக்கக் கத்துக் குடுப்பான். புழு ஒண்ணு வரும், அடிக்கவே மாட்டான், பந்த எறிஞ்சு பிடிச்சிருவான். பொறவு ஒன்கிட்ட, மொதல்ல அடிச்சுத் தளத்திட்டுப் பிடிக்கணும் தம்பின்னு புத்தி சொல்லுவான். சொல்லுதது ஒண்ணு, செய்யுதது ஒண்ணு. எங்க சாதிக் கெழவன்.

அந்தப் பாடம் நடக்கும்போது திரையில ஒன் பேர எடுத்துட்டு அவன் பேர போடணும்ல? ஒன் பேர எங்க வைக்கது? அட்டைக்குள்ள எடமில்ல. காட்டுல எந்தப் பூதம் வரும்னு எழுதி வைக்க ஒரு கட்டம் இருக்கும், அதுல தூக்கிப் போட்டுட்டானுக. அடுத்த காட்டுக்குள்ள போனா அந்தக் கட்டத்துல அந்தக் காட்டுக் கணக்கு எழுதிக்கிடும், யாருக்கும் தெரியாது. ஆனா நீ கெழவன்கிட்டப் பாடம் கேட்ட சூட்டோட பறந்து சின்னபார் தீவுக்குப் போ. அங்க புல்லே கெடையாது. அதனால கட்டத்த யாரும் அழிக்கல. கெழக்குக் கரையோரமா தண்ணியில மேலயும் கீழயும் நீந்து. ஒன் பேரெழுத்தையே பூதம்னு நெனச்சு அது எதையெதையோ எழுப்பிவிடும். கிழிஞ்ச கோணிச் சாக்கு மாதிரி ஒண்ணு வரும், பேரு மிஸ்ஸிங்நோ. அதப் பாத்த மாத்திரத்துல ஒன் பையில ஆறாவதா இருக்க சாமான் நூத்தி இருவத்தெட்டு கூடிரும். கெழவன் கத்துக் குடுத்தது ஒரு புழு பிடிக்க. தெரியாமக் குடுத்தது குபேரன் சாவி. வெற்றிவீரன் மண்டபத்துல படம் கொஞ்சம் கோணலாத் தெரியும், அதுக்கு என்ன செய்ய?

இதே மாதிரிதான் மியூவும். வேலையெல்லாம் முடிஞ்சு, சரி பாக்கதுக்குன்னு வச்சிருந்த சாமான அழிச்சப்ப அட்டையில முந்நூறு பைட்டு எடம் மிச்சம் விழுந்திருக்கு. மோரிமோட்டோன்னு ஒருத்தரு அதுல சத்தமில்லாம ஒரு பூதத்தச் சொருகிட்டாரு. நூத்தி அம்பத்தொண்ணாவது. வரப்புல ஒரு சாண் எடம் கெடந்தா ஒங்க ஆச்சி அவரை வெதைய ஊனுவாளே, அப்பிடி. அதப் பிடிக்க வெளையாட்டுல நேர்வழி கெடையாது. ஒரு சப்பான் பத்திரிகையில இருபது பேருக்குத் தாரோம்னு போட்டான். எழுதிப் போட்டது எழுவத்தெட்டாயிரம் பேரு. கைக்கு எட்டாத ஒண்ணு இருந்தாத்தான்யா கொடி மேல ஏறும்.

என்ன, மூஞ்சி வாடுது? ஹாண்டர் கேங்கார் ஆக மாட்டேங்கா? எப்பிடி ஆகும்? எத்தனை படி ஏத்துனாலும் ஆகாது. ஒயரு வழியா அடுத்தவன் கைக்குப் போனாத்தான் ஆகும். கதாப்ராவும் அப்பிடித்தான், கையில கரண்டியோட கெழவனாகிச் செத்தாலும் அலக்கஸாம் ஆகாது. ஊர்ல எவன்கிட்டயும் இந்த டப்பா இல்லியா? அடப்பாவமே.

சரி, அழாதே. அந்தத் தலையணைய எடு. ஒறைக்குள்ள கையை விடு. ஆமா, நீல அட்டைதான். எலி இழுத்துட்டுப் போகல, நான்தான் இழுத்துட்டுப் போனேன். ஒங்க அத்தை கல்யாணமாகிப் போன மறுநாளு. என்ன அப்பிடிப் பாக்கே? எட்டாங்கிளாஸ் படிச்சவன், எழுத்துக்கூட்டி இங்கிலீசு வாசிப்பேன். பேட்டரி தீந்தா பிடிச்சதெல்லாம் அழிஞ்சு போற அட்டைல்லா அது, அடுத்து எப்ப தீருமோன்னு பயந்துக்கிட்டேதான் படுக்கேன். எத்தனை மணி நேரம் வெளையாடியிருக்கேன்னு பாக்கியா? பாரு. 255 மணி 59 நிமிசம். அதுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. அதுவும் ஒரு கொறைதான், எழுதிக்க.

என்கிட்ட கதாப்ரா ஒண்ணு ஆறு வருசமாக் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். நீ ஹாண்டர அனுப்பு, நான் அவன அனுப்புதேன். அங்கிட்டும் இங்கிட்டும் போனதும் ரெண்டு பேரும் ஆளாகிருவான். பொறவு மாத்திக்கிடுவோம். திருப்பித் தருவேனான்னா கேக்கே? அது அந்த நேரத்து நியாயம். ஒன் ஸைதரையும் சேத்துக் குடுத்தா என் கொம்பு வண்டத் தாரேன், அது யாவாரம் தனி. மேல ஒரு கவுளி வெத்தல.

ஒயரா? ஒங்க ஆச்சிகிட்டக் கேக்காதே, அவளுக்குத் தெரியாது. வெத்தலப்பெட்டிக்கு அடியில பாரு.